சந்தா கட்டினால் மட்டும் போதாது: சங்க உறுப்பினர் கல்வியைக் கிளையிலேயே நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம நெல்லைச் சீமையில் பீடி, நூற்பாலை, உப்பளம், தீப்பெட்டி, தேயிலை, துறைமுகம், போக்குவரத்து என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் அங்கே ஒரு சங்கமாவது இருக்கும். கொடி இருக்கும், ரசீது புத்தகம் இருக்கும், மே தினத்துக்கு வேன் வரும். ஆனால் அந்தச் சங்கத்தில் பத்து வருடமாகச் சந்தா கட்டும் ஒருவரிடம் போய், "கடைசியா சங்கத் தேர்தல் எப்போ நடந்துச்சு, பொருளாளர் யாரு, போன வருஷம் வந்த பணம் என்னாச்சு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "அதெல்லாம் தலைவர் பார்த்துக்கிடுவாரு."

இந்தப் பதில் வரும் வரைக்கும் அந்தச் சங்கம் உறுப்பினர்களின் சங்கம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. தலைவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. ஜனநாயகம் என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கை தூக்குவது மட்டும் இல்லை. எதற்காகக் கை தூக்குகிறோம், தூக்காவிட்டால் என்ன ஆகும், வேறு என்ன வழி இருந்தது என்றெல்லாம் தெரிந்து தூக்கவேண்டும். அந்தத் தெளிவைத் தருவதுதான் உறுப்பினர் கல்வி. அதைப் பெரிய கட்டடம், பேராசிரியர், நிதி எதுவும் இல்லாமல் ஒரு கிளைச் செயலாளரும் விவரமான நான்கு உறுப்பினர்களும் சேர்ந்து எப்படித் தொடங்கி நடத்தலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் 1908ஐக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், நம்ம ஊர்க் கதை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் அந்த வருடம் பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்கள் போட்டுப் பேசிப் பேசித்தான் அந்தப் போராட்டம் உருவானது. எழுதப் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கூட்டங்கள்தான் வகுப்பு. ஏறத்தாழ ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. ஆனால் மார்ச் 12 அன்று இரண்டு பேரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளர்களிடம் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது, தலைவர்களுக்காகத் தெருவில் இறங்கும் துணிவும் இருந்தது. ஆனால் அவர்கள் சிறைக்குப் போன பிறகு தினசரி வேலையைத் தூக்கிச் செய்ய உறுப்பினர் பட்டியலும் விதியும் கணக்கும் கொண்ட ஒரு நிலையான அமைப்பு இல்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்ததே 1918ல்தான். இதை வ.உ.சி.யின் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அதற்குச் சட்டமே கிடையாது. ஆனால் நமக்குச் சட்டம் வந்து ஏறத்தாழ நூறு வருடம் ஆகிறது, இன்னும் எத்தனையோ கிளைகளில் தலைவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

படி 1: முதலில் கேளுங்கள், பேசாதீர்கள்

பலரும் செய்வது என்னவென்றால், "உறுப்பினர் பயிற்சி முகாம்" என்று ஒரு பேனர் அடித்து, வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து, மூன்று மணி நேரம் உலகப் பொருளாதாரம் பேசவைத்து, சாம்பார் சாதம் போட்டு அனுப்பிவிடுவது. வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள், அடுத்த நாள் பீடிக்கடையில் கழிவு என்று இருநூறு பீடியைத் தள்ளினால் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது.

அதனால் முதல் மாதம் வகுப்பே வேண்டாம். உறுப்பினர்களில் இருபது முப்பது பேரை, வயதானவர், இளையவர், பெண், ஆண், நிரந்தரம், ஒப்பந்தம் என்று கலந்து தேர்ந்தெடுத்து நேரில் பாருங்கள். பரீட்சை மாதிரி இல்லாமல் சும்மா பேசுவது போலக் கேளுங்கள்: மாதச் சந்தா எவ்வளவு, அதில் மேல்மட்டத்துக்கு எவ்வளவு போகிறது, சங்க விதிப் புத்தகத்தை எப்போதாவது கையில் தொட்டிருக்கிறாரா, உங்கள் பிஎஃப் கணக்கில் கம்பெனி பெயர் என்னவென்று இருக்கிறது, கடைசியாகக் கையெழுத்தான ஒப்பந்தத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஷரத்து என்ன, சங்கத்திடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது எது.

கடைசிக் கேள்விதான் தங்கம். அதற்கு வரும் பதிலை அப்படியே அவர்கள் சொன்ன சொல்லிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அழகுபடுத்தாதீர்கள். "எங்க மைனி பேரில பாஸ்புக் இருக்கு, சுத்துறது நான், எனக்குப் பென்ஷன் வருமா அண்ணாச்சி" என்று ஒரு பெண் கேட்டிருந்தால் அது ஒரு முழு வகுப்புக்கான தலைப்பு. ஒருவர் பெயரில் பாஸ்புக் (பீடிக் கம்பெனி தரும் வேலைக் கணக்குப் புத்தகம்), வேலை இன்னொருவர் என்பது பீடித் தொழிலில் ரொம்பக் காலமாக இருக்கும் சங்கதி. அதைப் பற்றி மேடையில் யாரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் பேசினால் இரண்டு வீட்டுக்கும் சங்கடம். கல்வி தொடங்கவேண்டிய இடமே இந்த மாதிரிச் சங்கடங்கள்தான்.

படி 2: விதிப் புத்தகத்தை வெளியே எடுங்கள்

பதிவு பெற்ற ஒவ்வொரு சங்கத்துக்கும் விதிகள் உண்டு. இல்லாமல் பதிவே ஆகாது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே, எந்தெந்த விஷயம் விதியில் இருந்தாகவேண்டும் என்று பட்டியல் போட்டது: சங்கத்தின் நோக்கம், பணத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம், உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் எப்படி, பணப் பாதுகாப்பு, ஆண்டுத் தணிக்கை, உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வசதி, விதியைத் திருத்தும் முறை. நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2001 திருத்தத்தில் சேர்த்தார்கள்.

நிறையக் கிளைகளில் இந்தப் புத்தகம் ஒரே ஒரு பிரதிதான், அதுவும் பீரோவுக்குள். அதை எடுத்து நகல் போடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் எழுதுங்கள். வக்கீல் தமிழ் வேண்டாம், நாம் பேசும் தமிழில். அப்புறம் வகுப்பில் ஒவ்வொருவராக ஒரு விதியைச் சத்தமாக வாசிக்கவேண்டும், வாசித்து முடித்ததும், "இது நம்ம சங்கத்தில் நடக்குதா?" என்ற ஒரே கேள்வி. வாசிக்கச் சிரமப்படுபவர்களை வாசிக்கச் சொல்லி நெளியவைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் வாசிக்கட்டும், அவர் பதில் சொல்லட்டும்.

இரண்டு விதிகளில் கட்டாயம் நின்று பேசவேண்டும். ஒன்று, வெளியாட்கள் எத்தனை பேர் நிர்வாகிகளாக இருக்கலாம் என்பது. அமைப்புசாராத் தொழிலில் நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலில் நிஜமாக வேலை செய்பவர்களாக இருக்கவேண்டும். மற்றத் தொழில்களில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் போகக்கூடாது. கல்லூரிப் படிப்பு இருப்பவரையே செயலாளராகப் போடும் பழக்கம் எப்படி வந்தது, நம்மில் ஒருவர் ஏன் அந்த இடத்துக்கு வரமுடியவில்லை என்ற பேச்சு இந்த விதியிலிருந்து தானாகவே கிளம்பும். இன்னொன்று, மகாசபையில், அதாவது எல்லா உறுப்பினரும் கூடும் பொதுக்கூட்டத்தில், எத்தனை பேர் இருந்தால் தீர்மானம் செல்லும், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லலாம் என்பது. இது தெரிந்த உறுப்பினர் டீக்கடையில் புலம்பிக்கொண்டிருக்க மாட்டார்.

படி 3: வரவு செலவு. இதைத் தாண்டிப் போகாதீர்கள்

உறுப்பினர் கல்வி என்றாலே எல்லோரும் தொழிலாளர் சட்டத்துக்கு ஓடுகிறார்கள். நான் சொல்வது வேறு. முதலில் சொந்தச் சங்கத்தின் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். சொந்தச் சங்கத்திடம் கணக்குக் கேட்டுப் பழகாத உறுப்பினர் கம்பெனியிடம் கணக்குக் கேட்கத் தயங்குவார். பழகியவருக்கு லாப நட்டக் கணக்கைப் பார்த்தாலும் பயம் வராது.

எப்படி நடத்துவது? ஒரு கற்பனைக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். 120 உறுப்பினர், மாதம் 30 ரூபாய் சந்தா. எல்லோரும் கட்டினால் வருடத்துக்கு 43,200 ரூபாய் வரவேண்டும். ஆனால் கணக்கில் 31,500 தான் இருக்கிறது. மீதி 11,700 எங்கே? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "அமுக்கிட்டாங்க" என்று ஒருவர் சொல்வார். "நாலு மாசம் கடை அடைச்சுக் கிடந்துச்சே, யாரு கட்டினா" என்று இன்னொருவர் சொல்வார். "ரசீது புத்தகத்தை எண்ணினா தெரிஞ்சிரும்" என்று மூன்றாவது ஆள் சொல்வார். அந்த மூன்றாவது ஆளைக் கவனித்துக்கொள்ளுங்கள், அடுத்த தணிக்கைக் குழுவுக்கு அவரை நிறுத்தலாம்.

பிறகு உண்மையான புத்தகங்களை மேசையில் வையுங்கள். ரசீது புத்தகம், அதன் அடிக்கட்டை, கேஷ் புக், வவுச்சர் கோப்பு, வங்கிப் பாஸ்புக். ஒரே ஒரு மாதத்தை எடுத்து ரசீதிலிருந்து வங்கி வரைக்கும் விரலை வைத்துத் தொடர்ந்து போகவேண்டும். ரசீது எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, கெட்டுப்போன ரசீது கிழிக்கப்படாமல் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறதா, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர் இருக்கிறதா, வவுச்சரில் கையெழுத்துப் போட்டவரும் பணம் வாங்கியவரும் ஒரே ஆளா. ஒன்றரை மணி நேரத்தில் பதினைந்து பேரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும், தினமும் ஆயிரக் கணக்கில் பீடி எண்ணும் பெண்களுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்ப்பது உறுப்பினரின் சட்ட உரிமை என்பதையும், பொது நிதியும் அரசியல் நிதியும் தனித்தனி என்பதையும், அரசியல் நிதிக்குப் பணம் தரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தமுடியாது, தராததற்காகச் சங்கத்தில் எந்தச் சலுகையையும் மறுக்கமுடியாது என்பதையும் இந்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மனம் விட்டுச் சொல்லவேண்டும். நம்ம பக்கத்தில் கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளும் குணம் ஆழமாக இருக்கிறது. கோயில் கொடைக்கு வரி பிரித்தாலும் இதே பிரச்சினை, கணக்குக் கேட்டவன் எதிரி ஆகிவிடுவான். சங்கத்தில் இதை மாற்ற ஒரே வழி, யாரும் கேட்பதற்கு முன்பே பொருளாளர் மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடுவதும், கூட்டத்தில் "கேள்வி கேளுங்க" என்று தானே சொல்வதும்தான். கேட்பவர் பெயர் மினிட்ஸ் புத்தகத்தில் மரியாதையாக ஏறவேண்டும். இரண்டு மூன்று மாதம் இப்படி நடந்தாலே சூழ்நிலை மாறும்.

படி 4: அவரவர் தாள், அவரவர் கணக்கு

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் தங்கள் சம்பளச் சீட்டு, பாஸ்புக், பிஎஃப் எண், எது இருக்கிறதோ அதைக் கொண்டுவரவேண்டும். எதுவுமே இல்லை என்பவரும் வரவேண்டும், எதுவும் இல்லை என்பதே அவருடைய பாடம்.

ஆலைத் தொழிலாளி என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிடித்தம் மூன்றையும் பிரித்து வாசிக்கத் தெரியவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் தன்னுடைய முதலாளியாகத் தாளில் யார் பெயர் இருக்கிறது, போன வருடம் யார் பெயர் இருந்தது, ஒப்பந்தக்காரர் மாறியபோது யுஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) தொடர்ந்ததா என்று பார்க்கவேண்டும். புது எண் போட்டிருந்தால் பழைய பணம் வேறெங்கோ தூங்கும்.

வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு முதலில் சொல்லவேண்டிய சேதி, வீட்டில் இருந்து சுற்றினாலும் அவர்கள் கம்பெனித் தொழிலாளர்கள்தான், பிஎஃப் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1985லேயே தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. "வீட்டு வேலையோட வேலையா சுத்துதோம்" என்று அவர்களே தங்களைத் தாழ்த்திப் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விடும்போது வரவேண்டிய பணிக்கொடையை, எல்லோரும் தாங்களே கணக்குப் போடவேண்டும். துண்டுக் கூலிக்காரருக்கு, வேலையை விடுவதற்கு முந்தைய மூன்று மாதக் கூலியை வைத்துத் தினச் சராசரி எடுப்பார்கள், வருடத்துக்கு 15 நாள் கூலி. சராசரி 300 ரூபாய் என்று வந்தால் வருடத்துக்கு 4,500, இருபது வருடத்துக்கு 90,000. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட பெண், "ஐயாயிரம் வாங்கிக்கிட்டு கையெழுத்து போடுங்க" என்று யாராவது வந்தால் போடமாட்டார். கடைசி மூன்று மாதம் வேலையைக் குறைத்துக் கொடுத்தால் சராசரியும் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இதற்குப் பெரிய உதாரணம். சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு விட்டது, அதாவது முடிவுத் தேதி 2028 என்று தாளிலேயே இருந்தது. 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டு ஊர்வலமாக வந்த அந்தத் தொழிலாளர்களுக்காக 17 பேர் தாமிரபரணியில் உயிர் விட்டதை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். 2024ல் அதே தோட்டத்தில் விருப்ப ஓய்வுப் படிவம் நீட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்த குடும்பம், ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு சில நாளில் வீடு, பள்ளிக்கூடம், மிச்ச வாழ்க்கை எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டியிருந்தது. உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு தேதி எங்கோ ஒரு தாளில் எழுதியிருக்கலாம்: குத்தகை முடிவு, உரிமம் முடிவு, ஒப்பந்தம் முடிவு. அதைத் தேடி எடுத்து, ஐந்து வருடம் முன்பே உறுப்பினர்கள் நடுவில் வைத்துப் பேசுவதும் கல்விதான், சொல்லப்போனால் அதுதான் முக்கியமான கல்வி.

படி 5: சட்டத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது

எல்லாவற்றையும் சொல்லப் போகாதீர்கள். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துவிட்டது; தொழிற்சங்கச் சட்டம் (1926), நிலையாணைச் சட்டம் (1946), தொழில் தகராறு சட்டம் (1947) என்று நாம் மனப்பாடமாக வைத்திருந்த மூன்று சட்டங்களும் தொழில் உறவுத் தொகுப்புக்குள் போய்விட்டன. மாற்றம் நல்லதா கெட்டதா என்ற வாதம் இருக்கட்டும் (எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு), உறுப்பினருக்கு உடனே தெரியவேண்டியவை சிலதுதான்.

வேலைநிறுத்தம் என்றால் முன்னறிவிப்புக் கொடுத்து 14 நாள் ஆகாமல் போகக்கூடாது, கொடுத்த அறிவிப்பு 60 நாளுக்குத்தான் செல்லும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம் என்றே கணக்கு. முன்பு பல இடங்களில் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தது இது, இன்றைக்கு விவரம் தெரியாமல் செய்தால் கூலி போவது உறுப்பினருக்குத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் உள்ள இடத்தில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு இருக்கும் சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி யாருக்கும் இல்லையென்றால் குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. ஆகவே உறுப்பினர் பட்டியலைச் சுத்தமாக வைத்திருப்பது இப்போது உயிர் போகும் விஷயம். அப்புறம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு இருக்கவேண்டும், இரண்டு தரப்புக்கும் சம இடம், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல், பெண்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க பங்கு.

எழுதி ஒட்டும் எந்தச் சட்டத் தாளிலும் மேலே தேதி போடுங்கள். சட்டம் மாறியபின் பழைய தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் நம்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

படி 6: எங்கே, எப்போது, எப்படி

இதில்தான் நல்ல திட்டங்கள் எல்லாம் கவிழ்கின்றன. மாலை ஆறு மணிக்குச் சங்க அலுவலகத்தில் வகுப்பு என்று போட்டால் ஆண்கள் மட்டும் வருவார்கள், அதுவும் வழக்கமாக வருகிற அதே எட்டுப் பேர். முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர், மேலப்பாளையம் மாதிரி ஊர்களில் பீடி சுற்றும் பெண்களுக்கு அந்த நேரம் அடுப்படி நேரம். அவர்களுக்குச் சரியான நேரம் மத்தியானம், சோறு முடிந்து நாலைந்து பேர் ஒரு திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ கூடி உட்கார்ந்து சுற்றும் வேளை. கை ஓடட்டும், காது கேட்கட்டும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றிக்கொண்டே பேசலாம். கியூபாவில் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் இதேதான் நடந்தது. வேலை செய்பவர்களே காசு போட்டு ஒரு வாசிப்பாளரை வைத்துக்கொண்டார்கள், அவர் உயரத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். முதலாளிகளும் அரசாங்கமும் அதைத் தடை செய்யப் பார்த்த அளவுக்கு அது வேலை செய்தது. இங்கே வாசிப்பவருக்கு ஒரு மணி நேரக் கூலி நஷ்டம். அதைச் சங்கம் கொடுக்கவேண்டும், அல்லது மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி அவர் தட்டில் போடலாம்.

உப்பளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேலை நிற்கும், அந்த மாதங்கள்தான் அங்கே படிப்புக் காலம். ஆலை என்றால் ஷிப்டு மாறும் வேளையில் வாயிற்கூட்டமாக இருபது நிமிடம், ஒரே ஒரு விஷயம். மேலப்பாளையத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம். ஊரில் கொடை நடக்கிற வாரத்தில் எங்கேயும் வேண்டாம், ஆள் இருக்காது, இருந்தாலும் மனசு இருக்காது.

இடத்தைப் பற்றி ஒளிவு இல்லாமல் ஒன்று சொல்கிறேன். நம்ம ஊர்களில் தெருவே சாதியாகத்தான் பிரிந்து கிடக்கிறது. ஒரு தெருவில் வகுப்பு வைத்தால் இன்னொரு தெரு வராது, சிலரை வரவிடவும் மாட்டார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரே கழிவு, ஆனால் திண்ணையில் தனித்தனி. சங்கம் இதைக் கண்டும் காணாமல் போனால் அது எத்தனை வகுப்பு நடத்தினாலும் வீண். பள்ளிக்கூடம், நூலகம், சமுதாயக்கூடம் மாதிரிப் பொது இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரு தெரு என்று மாறி மாறி வையுங்கள், நிர்வாகிகள் எல்லாத் தெருவுக்கும் போய்த் தரையில் உட்கார்ந்து அங்கே தருகிற டீயைக் குடிக்கவேண்டும். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வகுப்பின் அமைப்பு எளிது. பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு தாள், ஒரு கேள்வி. நடத்துபவர் பேசுவது மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இருக்கவேண்டும். 90களின் முதற்பாதியில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நம்ம மாவட்டத்துக் கிராமங்களில் இரவு விளக்கில் நடந்தபோது இதைத்தான் காட்டியது: பெரியவர்கள் பாடம் கேட்க வருவதில்லை, தங்கள் விஷயத்தைப் பேச வருகிறார்கள், எழுத்து அதன் கூடவே வந்துவிடும். 1958ல் தொடங்கிய தொழிலாளர் கல்வி வாரியமும் வகுப்புகள் நடத்துகிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கிளையின் கேஷ் புக்கை அவர்கள் வந்து வாசித்துக் காட்டமாட்டார்கள், அது உங்கள் வேலை.

படி 7: பேச்சுவார்த்தை ஒத்திகை

போனஸ் பேச்சோ கூலிப் பேச்சோ வருவதற்கு இரண்டு மாதம் முன்பு இதை நடத்துங்கள். ஐந்து பேர் நிர்வாகமாகவும் ஐந்து பேர் சங்கமாகவும் உட்காரவேண்டும், மீதிப் பேர் பார்க்கவேண்டும். அனுபவமுள்ள தலைவர் நிர்வாகத்தின் பக்கம் உட்காருவது நல்லது, நிர்வாகம் எப்படிப் பேசும் என்று அவருக்குத்தான் தெரியும். "மார்க்கெட் மோசம்", "ஜிஎஸ்டி", "பக்கத்து மாநிலத்தில் கூலி கம்மி", "உங்களை நம்பித்தானே கம்பெனி நடத்துறோம்" என்று அவர் சொல்லட்டும், எதிரே இருப்பவர்கள் திணறட்டும். திணறிய இடத்திலெல்லாம் நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம் தேடவேண்டும் என்று எழுதுங்கள். இந்த ஒத்திகையில் முதல்முறையாக வாய் திறக்கும் பெண்கள் இருப்பார்கள், திறந்தபின் மூடமாட்டார்கள்.

கூடவே மூன்று பழக்கங்களையும் ஏற்படுத்துங்கள். கோரிக்கைப் பட்டியலை உறுப்பினர்கள்தான் வரிசைப்படுத்தவேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் எதை விடக்கூடாது என்று வாக்கு எடுத்து. பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தவர்கள் அன்றைக்கே, என்ன சொன்னார்கள் நாம் என்ன சொன்னோம் என்று வந்து சொல்லவேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் வரைவு தமிழில் உறுப்பினர்கள் கையில் இருக்கவேண்டும். லேபர் ஆபீசர் முன்னால் சமரசத்தில் போடும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளியையும் கட்டும், நேரடியாகப் போட்டுக்கொள்வது கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும் கட்டும். 1947 சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து 12(3), 18(1) என்று பழைய ஆட்கள் பேசிக்கொள்வது இந்த வித்தியாசத்தைத்தான். அந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கடைசி உறுப்பினருக்கும் தெரியவேண்டும்.

படி 8: நடத்துபவர்களை மாற்றிக்கொண்டே இருங்கள்

ஆறு மாதத்துக்கு மேல் ஒரே ஆள் வகுப்பு நடத்தக்கூடாது. நன்றாக நடத்துகிறாரே என்று விட்டால் அவரே அடுத்த "தலைவர் பார்த்துக்கிடுவாரு" ஆகிவிடுவார். வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களிலிருந்து இரண்டு பேர் அடுத்த சுற்றை நடத்தவேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். பெண்களே எண்பது தொண்ணூறு பேர் இருக்கும் கிளையில் மேடையில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதை எனக்குப் பார்க்கவே பொறுக்காது. "அவங்களுக்கு நேரம் இல்லை" என்பார்கள். நேரம் எப்படிக் கிடைக்கும் என்று யோசிப்பதும் சங்கத்தின் வேலைதான், கூட்ட நேரத்தை மாற்றலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடலாம், பஸ் காசு கொடுக்கலாம்.

நிர்வாகிகளில் சிலருக்கு இது பிடிக்காது. "படிக்க வச்சா நம்மளையே கேள்வி கேப்பான்", "கோஷ்டி சேரும்", "கம்பெனிக்காரன் காதுக்குப் போயிரும்" என்று சொல்வார்கள். முதலாவது உண்மை, அதற்காகத்தான் இதைச் செய்கிறோம். கோஷ்டி பற்றிய பயத்துக்கு மருந்து, மாற்றுக் கருத்தைக் கூட்டத்திலேயே பேசவைப்பதும், தோற்ற கருத்தையும் மினிட்ஸில் எழுதுவதும், முடிவு எடுத்தபின் எல்லோரும் சேர்ந்து அதை நிறைவேற்றுவதும். பேச இடமில்லாத சங்கத்தில்தான் ஆட்கள் கொடி மாற்றிக்கொண்டு போகிறார்கள், நம்ம மாவட்டத்தில் ஒரே ஆலையில் நாலைந்து கொடி பறப்பதற்குக் கட்சி மட்டும் காரணம் இல்லை. கம்பெனி காதுக்குப் போகும் என்பதும் நிஜம்தான், அதனால் பேச்சுவார்த்தை உத்தியை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், நேரில் பேசுங்கள். ஆனால் கணக்கும் விதியும் யார் காதுக்குப் போனாலும் பாதகமில்லை.

படி 9: பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து ஏமாறாதீர்கள், சாப்பாடு போட்டால் ஆள் வரும். வேறு சிலதைக் குறித்துவையுங்கள். மகாசபையில் போன வருடம் எத்தனை கேள்வி வந்தது, இந்த வருடம் எத்தனை, கேட்டவர்களில் புதியவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர். நிர்வாகிகள் பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர் போட்டியிட்டார்களா. கடையிலோ ஷிப்டிலோ ஒரு பிரச்சினை வந்தபோது செயலாளருக்குப் போன் போடாமல் உறுப்பினர்களே பேசி முடித்தது எத்தனை முறை. சந்தா பாக்கி குறைந்ததா. தன் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தவர் கேட்காமலே கட்டுவார், இதைச் செய்து பார்த்த கிளைகளில் போய்ப் பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே இரண்டு வேலையைச் செய்துவிடலாம். சங்க அலுவலகத்துக்குப் போய் விதிப் புத்தகத்தை வாங்கிப் பதினைந்து நகல் எடுங்கள். போகும் வழியில் ஐந்து உறுப்பினர் வீட்டில் ஏறி, சங்கத்திடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன என்று கேட்டு, பெயரும் தேதியும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக அந்த ஐந்து கேள்விகளை வாசியுங்கள். பதில் சொல்லவேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே மினிட்ஸில் ஏற்றிவிட்டு மற்ற விஷயங்களுக்குப் போங்கள்.